ஸ்பேனர் மீது பழி போடாதீர்கள்

ஒரு திட்டம் பாதியில் நின்றுவிட்டால் போதும், ஆங்கிலத் தொலைக்காட்சிகளில் அந்த வாசகம் வந்துவிடும்: இன்னார் 'ஸ்பேனர் இன் தி ஒர்க்ஸ்' எறிந்துவிட்டார் என்று. ஓடுகிற இயந்திரத்துக்குள் ஸ்பேனரை வீசி நிறுத்திவிட்டார் என்பது பொருள். முட்டுக்கட்டை போட்டுவிட்டார் என்று நாம் சொல்வோமே, அதேதான். அமெரிக்கர்கள் ஸ்பேனர் என்று சொல்வதில்லை. மங்கி ரெஞ்ச் என்பார்கள். 1934-இல் வெளிவந்த பி.ஜி. வோட்ஹவுஸின் 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' நாவலிலேயே இந்தச் சொலவடை இருக்கிறது. இப்போது நம் ஊர் அலுவலகக் கூட்டங்களிலும் தமிழில் பேசிக்கொண்டே நடுவில் இதைச் செருகுகிறார்கள்.

யாரைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு வருகிறேன். நிலம் எடுப்பதை எதிர்த்து நீதிமன்றம் போன விவசாயி. செலவுக்கு விளக்கம் கேட்ட தணிக்கை அதிகாரி. "இந்தத் தேதிக்குள் முடியாது சார்" என்று சொன்ன பொறியாளர். இவர்கள்தான் ஸ்பேனர் எறிந்தவர்களாம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் ஸ்பேனரும் கையுமாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடியவில்லை.

வேண்டுமென்றே இயந்திரத்துக்குள் ஸ்பேனரை எறிந்த தொழிலாளி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஸ்பேனர் கை நழுவி விழும். வேலை அவசரத்தில் மறந்து உள்ளேயே தங்கும். அது நடக்கும் என்று தெரிந்துதான் எங்கள் ஆலையில் முறை வைத்திருந்தோம். டூல் ரூமில் பித்தளை டோக்கனைக் கொடுத்தால்தான் ஸ்பேனர் கிடைக்கும்; டோக்கன் அந்த ஸ்பேனரின் ஆணியில் தொங்கும். பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் பெயின்டில் வரைந்திருக்கும். எது திரும்பவில்லை என்று வாசலில் நின்றாலே தெரியும். கியர் பக்கத்து மூடியைப் போடுவதற்கு முன் கருவிகளைத் துணியில் பரப்பி எண்ண வேண்டும். 12-13 ஸ்பேனர் ஒன்று குறைந்தால் மூடி ஏறாது. ஷிப்ட் மாறினாலும் சரி, மேனேஜரே வந்து பக்கத்தில் நின்றாலும் சரி.

பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பஞ்சுப் பொதியைக் கட்டிய இரும்புப் பட்டையின் துண்டு, ஆணி, போல்ட் என்று ஏதாவது பஞ்சோடு சேர்ந்து வந்துவிடும். சுழலும் பீட்டரில் அது மோதினால் பொறி பறக்கும்; பொறி பறந்தால் பஞ்சு பற்றிக்கொள்ளும். அதனால் பஞ்சு போகிற வழியிலேயே காந்தம் பதித்திருப்பார்கள். இரும்பு வராது என்று நம்பி யாரும் ப்ளோரூம் அமைப்பதில்லை. வரும் என்று வைத்துக்கொண்டுதான் அமைக்கிறார்கள்.

இப்படி வைத்துக்கொள்ளாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980 செப்டம்பர் 18, மாலை நேரம். ஆர்கன்சா மாநிலத்தில் டமாஸ்கஸ் என்ற சிற்றூருக்கு அருகே, நிலத்தடிக் கிடங்கு ஒன்றில் டைட்டன்-2 ஏவுகணை நின்றிருந்தது. அதன் உச்சியில் 9 மெகாடன் அணுகுண்டு; ஹிரோஷிமாவில் போட்டதைப் போல 600 மடங்கு. தொட்டியில் அழுத்தம் குறைந்ததைச் சரிபார்க்க விமானப் படை ஊழியர்கள் இறங்கினார்கள். உடல் முழுவதையும் மூடிய பாதுகாப்பு உடை, தடித்த கையுறை. புதிய விதிப்படி டார்க் ரெஞ்ச் கொண்டுபோயிருக்க வேண்டும். கையில் இருந்ததோ ராட்செட் ரெஞ்ச். அதன் முனையில் மாட்டியிருந்த சாக்கெட், மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, கழன்று விழுந்தது. மேடைக்கும் ஏவுகணைக்கும் இடையிலிருந்த சந்தில் நுழைந்து 20 மீட்டருக்கு மேல் கீழே போய், எரிபொருள் தொட்டியின் மெல்லிய தகட்டைக் கிழித்தது.

மறுநாள் அதிகாலை மூன்று மணி வாக்கில் கிடங்கு வெடித்தது. 740 டன் எடையுள்ள மேல்மூடி தூக்கி எறியப்பட்டது. அணுகுண்டு வெளியே போய் விழுந்தது, நல்லவேளை, வெடிக்கவில்லை. ஒரு வீரர் இறந்தார், 21 பேர் காயமடைந்தார்கள்.

ஒரு இளைஞனின் கை நழுவியதுதான் காரணம் என்று இதை முடித்துவிடலாம். அப்படி முடிப்பவர்களோடு எனக்குச் சண்டை. ஒன்றையொன்று தொட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் இரண்டு திரவங்களை அந்த ஏவுகணையின் மெல்லிய தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் நிரப்பி வைத்திருந்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1978-இல், கான்சாஸில் இதே வகை ஏவுகணையில் ஏற்பட்ட கசிவில் இருவர் இறந்திருந்தார்கள். எச்சரிக்கை அப்போதே வந்தாயிற்று. ஆனாலும் கருவி விழுந்தால் தடுத்துப் பிடிக்க நம்பகமான ஏற்பாடு அந்தச் சந்தில் இருக்கவில்லை. கடைசி டைட்டன்-2 பணியிலிருந்து நீக்கப்பட்டது 1987-இல்தான்.

வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பவர்கள் இல்லையா என்றால், உண்டு. 1944-இல் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்., எதிரியின் பிடியில் இருந்த நாடுகளின் சாதாரண மக்களுக்காக நாசவேலைக் கையேடு ஒன்றைத் தயாரித்தது. இயந்திரத்தைக் கெடுக்கும் வழிகள் அதில் இருக்கின்றன. கூடவே அலுவலகத்தை முடக்கும் வழிகளும் இருக்கின்றன: எதையும் குழுவுக்கு அனுப்பு, குழு பெரிதாக இருக்கட்டும், எடுத்த முடிவை அடுத்த கூட்டத்தில் மறுபடி கிளறு. இதையெல்லாம் செய்யும் இடத்தில் இருப்பவர் வாசலில் மனுவோடு நிற்பவர் அல்ல, நாற்காலியில் இருப்பவர். அவரை யாரும் ஸ்பேனர் எறிந்தவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

திட்டம் தீட்டுகிற அதிகாரிகளையும் அதைச் செய்தியாக்குகிற இளம் நிருபர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். ஒருவரின் எதிர்ப்பால் வேலை நின்றது என்று எழுதும்போது, இழப்பீடு கொடுத்தாயிற்றா, மண் பரிசோதனை முடிந்ததா, முடிக்க வேண்டிய தேதியை யாரைக் கேட்டுக் குறித்தார்கள் என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள்.