படமா, பாசாங்கா?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

இறைவன் நமக்குக் கொடுத்த கண்கள் இரண்டு. விஞ்ஞானம் கொடுத்த மூன்றாவது கண்ணை இன்று சட்டைப் பையிலும் கைப்பையிலும் வைத்துக்கொண்டு உலகமே நடமாடுகிறது. அதுதான் ஸ்மார்ட்போன் காமிரா. திருமணம், திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று எங்கு நோக்கினும் கைகள் உயர்ந்து நிற்கின்றன. கைகளின் உச்சியில் காமிராக்கள் மின்னுகின்றன. "என் போன் 108 மெகாபிக்சல்" என்று ஒருத்தி சொன்னால், "என் அண்ணன் போன் 200" என்று மற்றொருத்தி சொல்கிறாள். எண் பெரிதாக இருந்தால் படமும் நன்றாக இருக்குமா? அழகாக வந்த படமெல்லாம் நல்ல படமா? இவ்விரு கேள்விகளையும் பற்றி நாங்கள் வகுப்புத் தோழியர் கூடிப் பேசினோம். எங்களுக்குத் தோன்றிய கருத்துகளை இங்கு எழுதுகிறோம்.

வளர்ந்த கதை

1826-27ஆம் ஆண்டுகளில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த நீயப்ஸ் என்பவர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு காட்சியைப் படமெடுத்தார். அந்த ஒரு படத்துக்குப் பல மணி நேரம் வெளிச்சம் தேவைப்பட்டது. 1975இல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் பிலிம் சுருளே இல்லாத டிஜிட்டல் காமிரா ஒன்றைச் செய்தார். அதன் எடை சுமார் 3.6 கிலோ. படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் ஷார்ப் கம்பெனி விற்ற காமிரா போனில் இருந்தது 0.11 மெகாபிக்சல். 2022இல் 200 மெகாபிக்சல் போன் கடைக்கு வந்துவிட்டது. மனித மூளையின் ஆற்றலை என்னென்று புகழ்வது!

ஆனால் மின்னுவதெல்லாம் பொன்னல்ல அல்லவா?

எண்ணிக்கை என்னும் மயக்கம்

ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள். வீட்டு ஆல்பத்தில் ஒட்டும் 6 அங்குலம், 4 அங்குலப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் அச்சு தெளிவாக இருக்கும். அப்படியானால் நீளத்தில் 1,800, அகலத்தில் 1,200. பெருக்கிப் பார்த்தால் 21,60,000. அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல்! ஏ4 தாள் முழுவதும் ஒரு படம் போட்டால்கூட ஒன்பது மெகாபிக்சல் போதும். மீதியெல்லாம் எதற்கு? பெரும்பாலும் கடைக்காரர் வாயில் சொல்வதற்கே.

காமிராவின் உள்ளே ஒளியை வாங்கும் சென்சார் என்ற சிறு தகடு இருக்கிறது. அதை நம் வீட்டு முற்றமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒளிதான் மழை. அதே முற்றத்தில் பன்னிரண்டு அண்டாக்களையும் வைக்கலாம். இருநூறு சிறு டம்ளர்களையும் வைக்கலாம். கொட்டும் மழையில் எல்லாம் நிறைந்துவிடும். தூறலிலோ டம்ளரில் விழுவது இரண்டு சொட்டு. மாலை வேளையில் எடுத்த படம் அரிசி நொய் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வருவது இதனால்தான். இது போன் செய்பவர்களுக்கும் தெரியும். ஆகவே 50 மெகாபிக்சல் காமிரா என்று விற்கும் போன்களில் பல, நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் வழக்கமாகத் தருகின்றன. எனவே பெற்றோரே, டம்ளர்கள் எத்தனை என்று கேட்காதீர்கள். முற்றம் எவ்வளவு பெரிது என்று கேளுங்கள்.

போனின் முதுகில் நான்கு கண்கள் இருப்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் அவற்றுள் ஒன்றோ இரண்டோ வெறும் 2 மெகாபிக்சல். அவை எண்ணிக்கைக்கு நிற்பவையே ஒழிய, உழைப்பவை அல்ல.

கை நடுக்கமும் கால் ஓட்டமும்

படம் கலங்கிப் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எடுப்பவர் கை ஆடுவது. மற்றொன்று, எடுக்கப்படுபவர் அசைவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "நடுக்கம் நீக்கும் வசதி" என்ற விளம்பரத்தைக் கண்டு பலர் ஏமாறுகிறார்கள்.

நல்ல போன்களில் ஜைராஸ்கோப் என்ற நுண்கருவி, கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை உணர்கிறது. உடனே காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து லென்ஸை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துகின்றன. தளும்பாமல் தண்ணீர்க்குடம் சுமக்கும் பெண்ணின் இடுப்பு எப்படித் தானாகவே ஈடுகொடுக்கிறதோ, அப்படியே இதுவும். வேறு பல போன்களில் லென்ஸ் நகர்வதில்லை. படத்தின் ஓரங்களை வெட்டி, நடுப்பகுதியை மட்டும் நகர்த்தி நகர்த்தி ஆடாதது போலக் காட்டுகிறார்கள். வீடியோவுக்கு இது ஓரளவு உதவும்; ஆனால் காட்சி குறுகிவிடும். மங்கிய ஒளியில் எடுத்த படத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்ட கலக்கத்தை இதனால் போக்க முடியாது.

இரண்டு முறைகளும் திருத்துவது எடுப்பவர் கையைத்தான். ஓடுகிறவரை நிறுத்த எதனாலும் இயலாது. 100 மீட்டர் தூரத்தை 15 விநாடியில் ஓடும் மாணவி ஒருத்தியை, மங்கிய மாலை ஒளியில் 1/15 விநாடி திறந்திருக்கும் காமிரா எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் அவள் 44 சென்டிமீட்டர் கடந்துவிடுவாள்! அவள் முகம் எப்படிப் படத்தில் தங்கும்? நல்ல வெயிலில் 1/1000 விநாடி போதும். அதற்குள் அவள் நகர்வது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகவே ஆண்டு விழா நடனம் கலங்கிப்போனால் போனை மட்டும் குறை சொல்ல வேண்டாம். மேடைக்கு இன்னும் இரண்டு விளக்குகள் போட்டால், எல்லாத் தாய்மாரின் போனும் ஒரே நாளில் நல்ல போன் ஆகிவிடும்.

திருத்தமா, திரிப்பா?

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறோம்.

படத்தைத் திருத்துவது புதிய வழக்கமன்று. அக்காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தொட்டு முகத்துப் பருக்களை மறைப்பார்கள். 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்' என்ற புகழ் பெற்ற இதழே எகிப்தியப் பிரமிடுகளை அட்டைக்குப் பொருந்தும்படி நகர்த்தி நெருக்கி அச்சிட்டு, பெருங்கண்டனத்துக்கு ஆளாயிற்று. ஆனால் அன்று திருத்தியவர் ஒரு மனிதர், நினைத்துத் திருத்தினார். இன்றோ நாம் பொத்தானை அழுத்தும் முன்பே போன் திருத்தத் தொடங்கிவிடுகிறது. 2023ஆம் ஆண்டில் ஒருவர், மங்கலாக்கிய நிலாப் படம் ஒன்றைக் கணினித் திரையில் வைத்து, விலையுயர்ந்த போன் ஒன்றால் தூரத்திலிருந்து படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போன் படத்தில் தெளிவாகத் தெரிந்தன! போன் நிலாவைப் பார்க்கவில்லை. நிலா இப்படித்தான் இருக்கும் என்று தானே வரைந்துகொண்டது.

நிலாவுக்குச் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நமக்குச் செய்தால்?

எங்கள் வகுப்பின் குழுப்படம் ஒன்றை ஒரு தாயார் தம் போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். அழகூட்டும் வசதி அதில் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நாற்பது பேரும் ஒரே மாவில் சுட்ட பணியாரம் போல வெளுத்து வழுவழுவென்று இருந்தோம். ஒருத்தியின் கன்னத்து மச்சத்தைக் காணோம். அவளுடைய அப்பாயி படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாப் புள்ளைகளும் இருக்கு, நீ எங்கடி?" என்று கேட்டாராம். பிறந்த நாள் முதல் தூக்கி வளர்த்த அப்பாயிக்கே பேத்தி தெரியவில்லை. வீட்டார் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் அவள் எங்களிடம் சொன்னது: "அந்தப் படத்தில் இருக்கிறவள்தான் நல்லா இருக்கா." அதைக் கேட்டு எங்களால் சிரிக்க முடியவில்லை.

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் நாம் வளர்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அந்த 'இருந்தாலும்' இப்போது போனுக்குள்ளும் புகுந்துகொண்டது. உறவினர் ஆண்டுக்கு ஒரு முறை சொல்வார்கள். போனோ ஒவ்வொரு படத்திலும் சொல்கிறது: "உன் நிறம் ஒரு தவறு, அதைத் திருத்திவிட்டேன்." இதைவிடக் கொடிய ஆசிரியர் உண்டோ?

உலகம் இதைக் கவனியாமல் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி நிறம் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் பெண்களின் படமே இருந்தது. அதனால் கறுத்த முகங்கள் படத்தில் சரியாக விழவில்லை. 2020இல் கூகுள், தன் பிக்சல் போன்களில் முகத்தை மெருகூட்டும் வசதியைக் கேட்டால் மட்டும் வேலை செய்யும்படி மாற்றியது. 2021இல் பலவகைத் தோல் நிறங்களை உள்ளபடி காட்டும் முயற்சியையும் தொடங்கியது. பிரான்சில் 2017 முதல், விளம்பரப் பெண்களின் உடல்வாகை மாற்றிய படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று குறிப்பிட வேண்டும். நார்வேயும் 2021இல் இத்தகைய சட்டம் இயற்றி 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

"எங்கள் முகம், எங்கள் படம், யாருக்கு நஷ்டம்?" என்று தோழியர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாடகத்துக்கு வேடம் போடுவது தவறா? இல்லை. விளையாட்டாக முயல் காது ஒட்டிக்கொள்வது தவறா? அதுவும் இல்லை. அங்கே வேடம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம்மைக் கேட்காமலே நமக்குப் போடப்படும் வேடம் நம் விருப்பம் ஆகுமா? அந்த வேடத்தையே நம் முகம் என்று நம்பிக் கண்ணாடியை வெறுக்கத் தொடங்கினால் நஷ்டம் நமக்கில்லாமல் யாருக்கு?

எங்கள் அளவுகோல் இதுதான். இருட்டான படத்தை வெளிச்சமாக்கலாம், சாய்ந்ததை நிமிர்த்தலாம், வேண்டாத ஓரத்தை வெட்டலாம். இது மேசையைத் துடைப்பது போன்றது. நிறத்தையும் மூக்கையும் தாடையையும் மாற்றுவது மேசையையே மாற்றுவது போன்றது. அன்று அங்கே இருந்தவர் படத்தைப் பார்த்து, "ஆம், இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது திருத்தம். சொல்லாவிட்டால் அது திரிப்பு.

செய்ய வேண்டியவை

புதிய போன் வாங்கச் செல்லும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பலர் மாதத் தவணையில் வாங்குகிறீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். கடையின் பளிச்சென்ற விளக்குக்குக் கீழே சோதிக்காதீர்கள். அங்கே எல்லாப் போனும் நல்ல போனே. முதலில் அழகூட்டும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு இருண்ட மூலை ஒன்றைப் படமெடுங்கள். வாசலுக்கு முதுகு காட்டி நிற்பவர் முகத்தை எடுங்கள்; முகமும் தெரிய வேண்டும், வெளியே வானமும் தெரிய வேண்டும். எட்டி நின்று ஒரு செய்தித்தாளை எடுத்து, எழுத்துகளைப் பெரிதாக்கிப் படியுங்கள். பத்து அடி நடந்துகொண்டே வீடியோ எடுங்கள். உங்கள் மகளை எடுத்து, படத்தையும் மகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் ஒருத்தியேதானா? இந்தச் சோதனைகளில் தேறும் போன் குறைந்த விலையில் கிடைத்தால், மிச்சமாகும் பணம் எங்கள் மேற்படிப்புக்கு உதவும்!

மதிப்பிற்குரிய சகோதரியரிடமும் மலர்க் குழுவினரிடமும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு மலருக்குப் படம் தரும் எவரும், முகத்தை மெருகூட்டாத படத்தையே தர வேண்டும் என்று ஒரு விதி வகுக்கலாகாதா? முப்பது ஆண்டு கழித்து இம்மலரைப் புரட்டும்போது, நம் தோழியின் மச்சமும் தெற்றுப்பல்லும் நெற்றித் தழும்பும் அப்படியே இருந்தால்தானே அவள் நம் தோழி?

தோழியரே! காமிரா நம் நினைவைக் காக்கும் பெட்டி. நாம் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு உத்தரவிடும் எஜமானன் அன்று. போனை நாம் ஆள்வோம். அது நம்மை ஆள விடோம். அடுத்த முறை படத்துக்கு நிற்கும்போது, இருக்கும் நிறத்தோடும் இருக்கும் முகத்தோடும் நிமிர்ந்து நின்று சிரிப்போமாக!