லாஜிக் லேப்: காதலுக்கு ரகசியம் ஓகே... குழந்தைக்கு?

இன்டர்னல் மார்க், அசைன்மென்ட், அரியர் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் நம்ம லேப் டேபிளுக்கு வந்திருக்கிற சரக்கு, ரொமான்டிக் சஸ்பென்ஸ். பாதி காதல், பாதி திக் திக். அதுலயும் ஒரு ஸ்பெஷல் வெரைட்டி: திடீர்னு அம்மா அப்பா ஆகிடுற ஜோடியோட கதை!

மாடல் கதை இதோ. (எந்த நாவல்னு தேடாதீங்க பாஸ், இது பல நாவல்களோட சராசரி!)

கொடைக்கானல். டிசம்பர் மாசம். ராத்திரி பதினொன்றரை. ஹீரோவோட ஜீப் பனியில ஊர்ந்து வருது. ரோட்டோரம் ஒரு முனகல். இறங்கிப் பார்த்தா கம்பளியில சுத்தின பச்சைக்குழந்தை! பக்கத்துல கிழிஞ்ச போட்டோ ஒண்ணு (எப்பவும் பாதிதான் கிடைக்கும்!). கூடவே 'போலீஸுக்குப் போகாதே' என்று ஒரு துண்டுச்சீட்டு. ஹீரோ ஒதுங்குற பங்களாவுல ஏற்கெனவே ஹீரோயின். வெளியில ரெண்டு முரட்டு ஆசாமிங்க. வேற வழியில்லாம ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா நடிக்கிறாங்க. பால் புட்டி கழுவும்போது விரல் படுது. 96-ம் பக்கத்துல வில்லன் காலி. 97-ம் பக்கத்துல மேளம்!

சிரிச்சாலும் நமக்கு இது பிடிக்கும். பஸ் ஸ்டாண்ட் கடையில தொங்குற மாத நாவல்கள்ல ஒரு பக்கம் ரமணிசந்திரனோட குடும்பக் காதல். இன்னொரு பக்கம் ராஜேஷ்குமாரோட க்ரைம். நடுவுல பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத் - சுசீலா, சுபாவோட நரேந்திரன் - வைஜயந்தின்னு கடலை போட்டுக்கிட்டே கேஸ் பிடிக்கிற ஜோடிகள். காதலும் கொலையும் ஒரே அட்டைக்குள்ள வர்றது நமக்குப் புதுசே இல்லை.

சரி, ஏன் எப்பவும் மலை? இதுக்கு பதில் நம்ம ப்ளஸ் டூ தமிழ்ப் புக்லயே இருக்கு. குறிஞ்சித் திணைக்கு இடம் மலை. பொழுது நள்ளிரவு. பருவம் குளிரும் முன்பனியும். விஷயம், காதலர் கூடுவது. 'இரவுக்குறி'ன்னு ஒரு துறையே உண்டு. காதலன் ராத்திரியில மலைப்பாதை வழியா வருவான். யானை இருக்கும், புலி இருக்கும், காட்டாறு இருக்கும். வருவானா மாட்டானான்னு இங்கே ஒருத்தி தவிச்சுக்கிட்டு இருப்பா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ரொமான்டிக் சஸ்பென்ஸ் ரெடி!

பழனி மலைத்தொடர் இந்த ஃபார்முலாவுக்கு அப்படியே பொருந்துது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கு. கீழே இறங்க முக்கியமான ரோடுன்னு பார்த்தா வத்தலக்குண்டு பக்கம் ஒண்ணு, பழனி பக்கம் ஒண்ணு. வில்லனுக்கு ஆள் செலவு ரொம்பக் கம்மி! ராத்திரி ஊருக்குள்ளேயே காட்டெருமை உலாத்தும். 'டெவில்ஸ் கிச்சன்'ன்னு இருந்த குகைக்கு, 1991-ல் வந்த படத்துக்கு அப்புறம் 'குணா குகை'ன்னே பேர் மாறிடுச்சு. காதலுக்காக ஒரு பொண்ணைக் கடத்திக் கொண்டு வந்து வெச்ச இடம் அது. இன்னிக்கும் டூரிஸ்ட்டுங்க கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்னு எட்டிப் பார்க்கிறாங்க.

லொகேஷன் பாஸ். இப்ப லாஜிக் டெஸ்ட்.

இன்ஜினீயரிங் முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல ஒரு வித்தை சொல்லித் தருவாங்க: ஃப்ரீ பாடி டயகிராம். மொத்த மெஷினையும் விட்டுட்டு ஒரே ஒரு பொருளைத் தனியா பிரிச்சு வரையணும். அதன் மேல எந்தெந்த விசை எந்தத் திசையில வேலை செய்யுதுன்னு அம்புக்குறி போடணும். நாவல்கள்ல இந்தப் படத்தை ஹீரோவுக்குப் போடுறாங்க, ஹீரோயினுக்குப் போடுறாங்க, சமயத்துல வில்லனுக்கும் போடுறாங்க. குழந்தை மட்டும் வெறும் 'லோடு'. ஜோடியைச் சேர்த்து வைக்க ஒரு வெயிட்டு, அவ்வளவுதான். நாம இன்னிக்கு குழந்தையைத் தனியா பிரிச்சு வரைவோம்.

முதல் அம்பு, குளிர். கொடைக்கானல்ல டிசம்பர், ஜனவரி ராத்திரிகள்ல பத்து டிகிரிக்குக் கீழே சர்வசாதாரணமா இறங்கும். ஒரு பொருளோட அளவு பாதியானா அதன் பரப்பு கால்வாசி ஆகும், கன அளவோ எட்டுல ஒரு பங்கு ஆகிடும். அதாவது உடம்பு சின்னதாக ஆக, எடைக்கு ஏத்த அளவைவிட தோல் பரப்பு அதிகம். அதனால நம்மளைவிட பச்சைக்குழந்தை வேகமா சூட்டை இழக்கும். ஹீரோ போட்டோவை ஆராய்ச்சி பண்ணிட்டு நிக்கிற அந்த ரெண்டு பக்கம்தான் கதையிலேயே டேஞ்சரான ரெண்டு பக்கம்!

அவர் செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். ஈரம் இருந்தா துடைக்கணும், தலையை மூடணும், சட்டை பட்டனைக் கழற்றி நெஞ்சோட தோல் படுற மாதிரி அணைச்சுக்கிட்டு மேலே கம்பளி போர்த்தணும், அப்படியே ஆஸ்பத்திரிக்கு விரட்டணும். இதுக்கு 'கங்காரு முறை'ன்னு பேர். 1978-ல் கொலம்பியாவோட பொகோட்டா நகரத்துல, இன்குபேட்டர் பத்தாத ஒரு ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சது. எடை குறைஞ்ச குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனமே இதை சிபாரிசு பண்ணுது. அப்புறம் ஒண்ணு: பங்களா வாட்ச்மேன் கொண்டு வர்ற பசும்பால் வேண்டவே வேண்டாம். பிறந்த குழந்தைக்கு அது ஆகாது.

ரெண்டாவது அம்பு, வில்லன். இதை எல்லாரும் வரைவாங்க. ஆனா எப்படி வரையறாங்கன்றதுலதான் மேட்டர். 'என்னை அறிந்தால்' (2015) ஞாபகம் இருக்கா? கல்யாணத்துக்கு முந்தின நாள் ஹேமானிகா கொல்லப்படுறா. அவ பொண்ணு ஈஷாவுக்கு சத்யதேவ் ஒரே ராத்திரியில தனி அப்பா ஆகிடுறார். போலீஸ் வேலையை விட்டுட்டு குழந்தையோட ஊர் ஊரா சுத்துற அந்தப் பகுதியில படம் அப்படியே மனசுல உட்காருது. ஆனா க்ளைமாக்ஸ்ல விக்டர் அதே ஈஷாவைத் தூக்கிட்டுப் போய், பதிலுக்குத் தேன்மொழியைக் கேட்கிறான். மனுஷியா வளர்ந்த குழந்தை, பேரம் பேசுற பொருளா மாறிடுது.

'பூவிழி வாசலிலே' (1987) இதுல ஒரு படி மேலே. கொலையைப் பார்த்த ஒரே சாட்சி, காது கேட்காத, வாய் பேசாத ஒரு குழந்தை. அது வந்து சேர்றது குடிச்சே அழியுற சத்யராஜ்கிட்ட. அந்தக் குழந்தை சும்மா தூக்கிட்டுத் திரியற பார்சல் இல்லை. மொத்தக் கதையோட பூட்டும் அதுதான், சாவியும் அதுதான்!

மூணாவது அம்புதான் பெரிசு. யாருமே வரையாத அம்பு. ரகசியம்!

யோசிச்சுப் பாருங்க. 'போலீஸுக்குப் போகாதே'ன்ற அந்தச் சீட்டுதான் நாவலோட பெட்ரோல். அது இல்லைன்னா மூணாவது அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிடும். காதலுக்கு ரகசியம் ருசி, ஒத்துக்கிறேன். ஆனா குழந்தைக்கு? அது இருக்குன்னு உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும்னா, அது காணாமப் போனாலும் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். வில்லனுக்கு இதைவிட வசதி வேற என்ன வேணும்?

சங்கப் பாட்டுத் தோழி இதுல நம்ம ஹீரோவைவிட ஷார்ப்! 'ராத்திரி வராதே, வழியெல்லாம் ஆபத்து'ன்னு அவ சொல்றதுக்கு உள்ளர்த்தம், 'ஊரறியக் கல்யாணம் பண்ணிக்கோ' என்பதுதான். வரைவு கடாதல்னு அதுக்கும் ஒரு பேர் உண்டு. களவு எவ்வளவு இனிச்சாலும் ஒரு நாள் வெளிச்சத்துக்கு வந்தாகணும்.

நம்ம சட்டமும் இதையேதான் சொல்லுது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, கைவிடப்பட்ட குழந்தையைப் பார்த்தவர் 24 மணி நேரத்துக்குள்ள (பயண நேரம் தனி) சொல்லியாகணும். 1098-க்கு போன் பண்ணலாம், போலீஸுக்குச் சொல்லலாம், குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லலாம். சொல்லாம வெச்சுக்கிட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா பத்தாயிரம் ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஹீரோ சார், கேட்குதா?

'அப்ப சஸ்பென்ஸ் போச்சே'ன்னு புலம்பாதீங்க. நிஜ சஸ்பென்ஸ் இனிமேதான்! கண்டெடுத்தவருக்கே குழந்தைன்னு சட்டத்துல கிடையாது. முதல்ல பெத்தவங்களைத் தேடுவாங்க. ரெண்டு வயசுக்குள்ள உள்ள குழந்தைன்னா ரெண்டு மாசத்துக்குள்ள, யாரும் வரலைன்னா, தத்துக்கு உரியதுன்னு அறிவிக்கணும். அப்புறமும் பதிவு பண்ணி வரிசையில வருஷக்கணக்கா காத்திருக்கிறவங்க இருக்காங்க. கல்யாணம் ஆகாத ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்கவே முடியாது. ஒரு ராத்திரி நெஞ்சோட அணைச்ச குழந்தை இனி தனக்குக் கிடைக்காமலே போகலாம்னு தெரிஞ்சும், அதைக் கொண்டு போய் ஒப்படைக்கிற ஹீரோ... இவன் இல்லையா பாஸ் ஹீரோ?

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இந்த இடத்துலதான் ஜெயிச்சுது. அகதி முகாம்ல பிறந்த குழந்தை மேல திருச்செல்வனுக்கு உயிர். தனி ஆளுக்குத் தத்துக் கொடுக்க மாட்டாங்க. அதனாலதான் இந்திராகிட்ட கல்யாணப் பேச்சே வருது. குழந்தை முதல்ல, கல்யாணம் அப்புறம்! ஒன்பதாவது பிறந்தநாள்ல அமுதாகிட்ட உண்மையைச் சொல்லிடுறாங்க. அங்கிருந்து அவ கேள்விதான் படத்தை இலங்கை வரைக்கும், யுத்தத்துக்கு நடுவுல இழுத்துட்டுப் போகுது. ஃப்ரீ பாடி டயகிராம் முழுக்க அமுதாவுக்கு.

கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். இது நாவலோட முடியுற மேட்டர் இல்லை. ஹாஸ்டல் ரூம்ல யாருக்கும் தெரியாம தனியா பிரசவிச்ச பொண்ணுன்னு பேப்பர் மூலையில எப்பவாவது பெட்டிச் செய்தி வரும். நாம 'ச்சீ'ன்னு பக்கத்தைத் திருப்பிடுவோம். அந்தப் பொண்ணைச் சாவு வரைக்கும் தள்ளுறது கர்ப்பம் இல்லை, அதை மறைச்சே ஆகணும்ன்ற பயம்.

அவளுக்கு வழிகள் இருக்கு. பதினெட்டு வயசு தாண்டினவளுக்கு, கருக்கலைப்புக்கு அவ சம்மதம் மட்டும் போதும். 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரோட கருத்தே போதுமானது. சில சூழ்நிலைகள்ல 24 வாரம் வரைக்கும் ரெண்டு டாக்டர்களோட கருத்துல செய்யலாம். அதுல கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்கன்னு பிரிக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்பே சொல்லிடுச்சு. பெத்து வளர்க்க முடியலைன்னா குழந்தைகள் நலக் குழுகிட்ட ஒப்படைக்கலாம், அது குற்றம் இல்லை. மனசு மாற ரெண்டு மாச அவகாசமும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்துல தொடங்கின தொட்டில் குழந்தை திட்டம், 2001-ல் கொடைக்கானல் இருக்கிற திண்டுக்கல் மாவட்டத்துக்கும் வந்தாச்சு. அந்த நேரத்துல ஃப்ரெண்டா நீங்க செய்ய வேண்டியது அட்வைஸ் இல்லை. 'வா, டாக்டர்கிட்ட போகலாம், நான் கூட வர்றேன்', அவ்வளவுதான்.

கடைசியா மலைக்கே திரும்புவோம். கொடைக்கானல்ல இருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்ல பூம்பாறை. படிப்படியா வயல், மணக்கிற மலைப்பூண்டு. அங்கே குடியிருக்கிற முருகனுக்குப் பேர் குழந்தை வேலப்பர். ஏன் அந்தப் பேர்னு ஒரு கதை சொல்றாங்க. அருணகிரிநாதர் ஒரு ராத்திரி அங்கே தூங்குறார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வர்றா. முருகன் குழந்தையா மாறி அவர் பக்கத்துல இருக்கார். காவித் துணி மூடிக் கிடந்த உருவத்தையும் குழந்தையையும் பார்த்த ராட்சசி, யாரோ தாயும் பிள்ளையும்னு நினைச்சு விட்டுட்டுப் போயிடுறா!

பாருங்க... மலை, நள்ளிரவு, கொலைகாரி, எதிர்பாராம 'அம்மா' ஆன ஒருத்தர்! எல்லாமே இருக்கு. இதுல குழந்தை லோடு இல்லை. பெரியவரைக் காப்பாத்துறதே அதுதான். அதுவும் எப்படி? ஒளிஞ்சுக்கிட்டு இல்லை, கண்ணுக்குத் தெரியற மாதிரி பக்கத்துல இருந்து!

உங்க நோட்டோட கடைசிப் பக்கத்துல நாவல் எழுதுற ஆளா நீங்க? அப்ப ஒரு சவால். முதல் அத்தியாயத்துலயே ஹீரோ 1098-க்கு போன் போட்டுடணும். அதுக்கப்புறமும் கடைசிப் பக்கம் வரைக்கும் எங்களைத் தூங்க விடாம எழுதணும். எழுதி அனுப்புங்க மக்களே, அடுத்த வாரம் லேப்ல பிரிச்சு மேய்வோம். டாட்டா!