எந்த மாதம் வரலாம்?

கோயிலூரில் சொந்த வீடு இருப்பது பாக்கியம். அந்த வீட்டில் டெலிபோனும் இருந்துவிட்டால் அது சோதனை. ஆனி பிறந்ததோ இல்லையோ, மணி அடிக்க ஆரம்பித்துவிடும். "சங்கரன்கோவிலுக்கு எப்போ வந்தால் சௌகரியம்?" என்று சென்னையிலிருந்து ஒரு குரல், கோயம்புத்தூரிலிருந்து ஒரு குரல், மும்பையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் உறவுதான். கூட்டம் கூடாது, வெயில் கூடாது, மழையும் கூடாது, குழந்தைகளுக்கு லீவாக இருக்க வேண்டும், ரயிலில் கீழ்ப் பெர்த் கிடைக்க வேண்டும். இத்தனையும் பொருந்திய மாதம் பஞ்சாங்கத்திலேயே கிடையாது என்று சொன்னால் கோபம் வந்துவிடுகிறது.

ஆகையால் எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது எங்கள் ஊருக்கு வரும் உத்தேசம் இருந்தால் உதவும்.

முதலில் வெயிலைச் சொல்லிவிட வேண்டும். சங்கரன்கோவில் கரிசல் பூமி. பங்குனி பாதியிலிருந்து வைகாசி முடிய, கோயில் பிராகாரத்துக் கல்லில் காலை வைத்தால் தோசைக் கல் ஞாபகம் வரும். பள்ளிக்கூட லீவு அப்போதுதான் என்பது உண்மையே. வருகிறவர்கள் விடியற்காலையில் தரிசனத்தை முடித்துக்கொண்டு, பகலெல்லாம் மின்விசிறிக்கு அடியில் இருப்பது உத்தமம்.

ஆனி, ஆடியில் சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் குற்றாலத்தில் சாரல் விழும். "அப்படியானால் உங்கள் ஊரிலும் குளுகுளுவென்று இருக்குமே!" என்று கேட்பார்கள். மழையை மலையும் அதன் அடிவாரமும் வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு மேகமும் காற்றும்தான் மிச்சம். அந்தக் காற்றும் வெறுங்கையோடு வராது, மணலை அள்ளிக்கொண்டு வரும். உலர்த்திய புடவையை ஓடிப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. ஐப்பசியில் திருக்கல்யாணம் உண்டு, குடையோடு வாருங்கள்.

மார்கழியும் தையும் சொர்க்கம். காலைப் பனி, இதமான வெயில். தை மாதக் கடைசி வெள்ளியன்று ஆவுடைப் பொய்கையில் தெப்பம். எல்லா ஊரையும் போல எங்கள் பூக்கடையிலும் அந்த நாளில் மல்லிகை விலை தலையைச் சுற்ற வைக்கும். பனியில் பூ குறைந்துவிடும்; முகூர்த்தம் வேறு சேர்ந்துகொள்ளும். அது ஒன்றுதான் குறை.

கூட்டமில்லாத நாளில் வந்தால்தான் கிடைக்கும் பலன்களும் இருக்கின்றன. இது மூன்று சந்நிதிகள் கொண்ட கோயில். ஒரு பக்கம் சங்கரலிங்கம், ஒரு பக்கம் கோமதி அம்மன், நடுவில் பாதி சிவனும் பாதி திருமாலுமான சங்கரநாராயணர். நடுச் சந்நிதியில் திருநீறும் கொடுப்பார்கள், தீர்த்தமும் கொடுப்பார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு நிதானமாக நிற்க வேண்டாமா? அம்மன் சந்நிதிக்கு முன்னால் ஒரு சக்கர பீடம் இருக்கிறது. மனக் கலக்கம் உள்ளவர்களை அங்கே உட்கார வைத்துப் பிரார்த்திப்பது வெகுகால வழக்கம். அப்படிப்பட்ட கவலையோடு வருகிறவர்களுக்குத் திருவிழா நாள் ஏற்றதல்ல. மார்ச் 21, செப்டம்பர் 21 இவற்றை ஒட்டிய சில நாட்களில் காலைச் சூரியன் நேரே சங்கரலிங்கத்தின் மேல் விழுவதைப் பார்க்கவும் ஜனங்கள் வருவதுண்டு. சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும் காலம் அது.

இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான், சென்னையில் இருக்கும் என் அத்தையிடம் வருஷா வருஷம், "ஆடித் தபசுக்கு வேண்டாம் அத்தை, தையில் வாருங்கள்" என்று சொல்லிவந்தேன். அத்தைக்கு வயது எழுபத்து நாலு. இரண்டு முழங்காலும் மூட்டு வலி. ஆடித் தபசுக் கூட்டமோ, எள் போட்டால் எள் விழாது. நான் சொன்னது தப்பா?

ஒரு தையில் வந்தாள். பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் இறங்கினாள். கீழ்ப் பெர்த். நெரிசலில்லாத தரிசனம். புற்று மண் வாங்கிக்கொண்டாள். நாகசுனையில் கையை நனைத்துக்கொண்டாள். தெப்பமும் பார்த்தாள். என் ஏற்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன். ஊருக்குப் புறப்படும்போது பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"எல்லாம் நல்லாப் பாத்தாச்சு. ஆனா அவ தபசு இருக்கும்போது நான் வரலியே, ஏளா."

எனக்குச் சுருக்கென்றது. விஷயம் தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் தீராத சண்டை. இருவரும் ஒருவரே என்று உலகம் பார்க்கும்படி காட்சி தர வேண்டும் என்று கேட்டு, அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றாள். ஆடி உத்திராடத்தன்று சங்கரநாராயணராக சுவாமி காட்சி கொடுத்தார். அதுதான் ஆடித் தபசு. மாலையில் ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணர். இரவு மறுபடியும் யானை வாகனத்தில் சங்கரலிங்கமாக இன்னொரு காட்சி. அந்த நேரத்தில் விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல், காய்கறி எல்லாவற்றையும் வாரி இறைப்பார்கள்.

ஆனால் அத்தை சொன்னது அந்த ஒரு மாலையை அல்ல. பன்னிரண்டு நாள் விழாவில் காட்சி பதினோராம் நாள்தான். கொடி ஏறின நாளிலிருந்து பெண்கள் 'ஆடிச்சுற்று' சுற்றுவார்கள். அம்மன் ஒற்றைக் காலில் நிற்கும்போது நாம் உட்கார்ந்திருக்கலாமா, அவள் கால்வலியில் நாமும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ள வேண்டாமா என்று கோயிலைச் சுற்றி நடப்பார்கள். 51, 101 என்று அவரவர் வேண்டுதல். அத்தை கல்யாணமாகிப் போகும்வரை தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றியவள். நான் அவளுடைய மூட்டு வலியைக் காரணம் காட்டி வேண்டாம் என்றேன். அவளுக்கோ அந்த மூட்டு வலியே வருவதற்குக் காரணம்!

அத்தையின் பேரன் ஐரோப்பா எல்லாம் சுற்றி வந்தவன். அவனிடம் இதைச் சொன்னபோது இத்தாலியில் சியனா என்ற பழைய ஊரைப் பற்றிச் சொன்னான். வசந்த காலத்தில் போனால் இதமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் யோசனை சொல்வார்களாம். ஆனால் அந்த ஊரின் குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில், நல்ல வெயிலில். மொத்தம் 17 பேட்டைகள். ஒரு பந்தயத்தில் பத்துக் குதிரைகள் ஓடும். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பரிசு, மாதாவின் உருவம் எழுதிய ஒரு பட்டுத் துணி. அதற்காக ஊர் முழுக்க மணிக்கணக்கில் சதுக்கத்தில் வெயிலில் நிற்கும். "மற்ற நாளில் போனால் கட்டடம் பார்க்கலாம் சித்தி, அன்று போனால் ஊரைப் பார்க்கலாம்" என்றான். பையன் கெட்டிக்காரன்.

அடுத்த ஆடியில் நானே அத்தையைக் கூப்பிட்டேன். தபசு நாளுக்கு அல்ல, கொடியேற்றத்துக்கு. முதல் மூன்று நாட்கள் கூட்டம் தாங்கும்படி இருக்கும். விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும், ஒரு கையில் தடி, மறு கையில் நான். ஒரு நாளைக்கு மூன்று சுற்று, மொத்தம் ஒன்பது. ஆடிக்காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. இடையில் அவள் மூன்று தடவை உட்கார்ந்தாள். நான்காவது தடவை உட்கார்ந்தது நான்.

காட்சி நாள் வரை இருந்துவிட்டுப் போகலாமே என்று நான் சபலப்பட்டுக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"வரம் வாங்குறதைப் பாக்க ஊரே வரும். தபசு இருக்கும்போது துணைக்கு நாலு பேர் வேணும்லா?"

ஆகவே சகோதரிகளே, எந்த மாதம் வரலாம் என்று என்னைக் கேட்பதற்கு முன்னால், கூட வருகிற பெரியவர்களிடம் எதற்காக வர ஆசைப்படுகிறார்கள் என்று கேளுங்கள். நிம்மதியாக உட்கார என்றால் மார்கழி, தை. காட்சிக்கு என்றால் ஆடி உத்திராடம். குழந்தைகளைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வாருங்கள். நடக்க என்றால் கொடியேற்றம். ஆடிக்கு வருகிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். இங்கிலீஷ் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். தபசு 2024-ல் ஜூலை 21, 2025-ல் ஆகஸ்ட் 7. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

டெலிபோன் மணி அடிக்கிறது. அத்தையாகத்தான் இருக்கும். இந்தத் தடவை பன்னிரண்டு சுற்றாம். இப்போதே தைலம் தடவ ஆரம்பித்துவிட்டாளாம்.