பெயர் தெரியாத பாத்திரம்

ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஏரியில் படகு, கரடியூரில் மலைக்காட்சி, பையில் காப்பிக்கொட்டை. இவ்வளவும் ஆயிற்றென்றால் பஸ் ஏறிவிடுவோம். தோட்டங்களுக்கு நடுவே தெரிகிற பழைய பங்களாக்களை, "யாரோ துரை இருந்த வீடு" என்று பார்த்துவிட்டு மறந்தும் போவோம்.

அப்படி மறந்துபோன வீடு ஒன்று நீலகிரியில் பிழைத்துக்கொண்டது. கோத்தகிரிக்கு அருகே, கன்னேரிமுக்கில், கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா அது. விக்டோரியா ராணி பிறந்த வருஷமும் அதுதான்! இடிந்து கிடந்ததைச் செப்பனிட்டு, நீலகிரியின் பழைய படங்களையும் தஸ்தாவேஜுகளையும் வைத்து நினைவு இல்லமாக்கி விட்டார்கள்.

ஆனால் சுவரைப் பூசி வர்ணம் அடித்துவிட்டால் மட்டும் வீடு பேசிவிடுமா? உள்ளே இருக்கும் பொருள் யாருடையது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் வேண்டாமா? அந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்ட ஒருவர் நம் ஏற்காட்டிலேயே இருந்தார்.

ராபர்ட் புரூஸ் பூட் என்று பெயர். 1858-ல் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் வேலைக்கு வந்தவர். 1863 மே 30-ந் தேதி பல்லாவரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது! அதற்குப் பிறகு போன இடமெல்லாம் கற்கருவிகளும் பானை ஓடுகளுமாகச் சேர்த்தார். ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் வீடு பார்த்துக்கொண்டு குடியேறினார்.

வெறுமனே சேர்த்தவர் அல்ல. எந்தக் கல் எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்று குறித்து வைத்தவர். 1904-ல் அவருடைய சேகரிப்பு சென்னை மியூசியத்துக்குப் போயிற்று. 1912-ல் அவரும் போய்விட்டார். ஆனால் கற்கள் ஊமையாகிவிடவில்லை. 1914-ல் அவற்றின் பட்டியல் புத்தகமாக வந்தது. அவர் 1863-ல் கண்டு எழுதிய அத்திரம்பாக்கத்துக்கு, அந்தக் குறிப்பை நம்பி, பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் திரும்பப் போனார்கள். அங்கே தோண்டி எடுத்த கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துப் பழமையானவை என்று 2011-ல் அறிவித்தார்கள்!

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் ஒரு வெண்கலப் பானை.

எங்கள் பாட்டி பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் பானை. அதன் கழுத்தில் மூன்று எழுத்துக்கள் வெட்டியிருக்கின்றன. பாட்டியின் பெயர் அல்ல. அவள் தாயார் பெயரும் அல்ல. சிறு வயதில் கேட்டிருந்தால் பாட்டி சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. இன்று கேட்கப் பாட்டி இல்லை. பிறந்த வீட்டிலிருந்து அந்தப் பானையைச் சுமந்துகொண்டு வந்த பெண் யாரோ, அவள் கதை மூன்று எழுத்தோடு நின்றுவிட்டது.

உங்கள் பரணிலும் இப்படி ஒரு பாத்திரம் இருக்கும். பழைய பாத்திரக்காரனுக்கு அது இத்தனை கிலோ, அவ்வளவுதான். இன்று பகல் சாப்பாடு ஆனதும் மாமியாரையோ அம்மாவையோ பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கேளுங்கள். யாருடையது, எந்த ஊர்ச் சீர், எந்த வருஷம்? ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

பங்களாவைப் புதுப்பிக்க சர்க்கார் வேண்டும். ஒரு சீட்டு எழுத நீங்கள் போதும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள், சகோதரிகளே!