ஊரடங்கும் ஒழுக்கமும்

"சண்டை முடிஞ்ச பிறகு பொடியள் கெட்டுப்போச்சுதுகள்." யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் இதைக் கேட்காமல் திரும்ப முடியாது. பத்திரிகைகளில் இதற்குப் பெயர் 'கலாசாரச் சீரழிவு'. சாட்சிகளும் மாறுவதில்லை: மார்ச் மாதத்துக் கிரிக்கெட், புதுப்படத்துக்குத் தியேட்டர் வாசலில் கூடும் கூட்டம், அரசியலை மறந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம். வளாகப் பத்திரிகையில் எழுதுகிற எங்களுக்கு இதற்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.

முந்தி ஒழுக்கம் இருந்ததாம். எது அந்த முந்தி? 1990இலிருந்து 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். பெரியவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி ஊரே மூட்டை முடிச்சோடு தெருவுக்கு இறங்கி நடந்தது. 1996இல் திரும்பி வந்தவர்களை வரவேற்றவை சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்ட பிறகு, இருட்டினால் படலைக்கு வெளியே தலைகாட்ட எவரும் துணியவில்லை. ஆறு மணிக்கு மகன் வீட்டில் நின்றானென்றால், வெளியே போனவன் திரும்பி வருவானா என்று தெரியாததால்தான் நின்றான். அந்தப் பயத்தை ஒழுக்கம் என்று இன்று மெச்சுவது, காணாமல் போன பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மாருக்குச் செய்யும் அநியாயம். அந்த நாட்களிலும் ஜெனரேற்றர் பிடித்து விடியவிடியப் படம் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் இன்று எங்களுக்குப் புத்தி சொல்லும் வயதில் இருக்கிறார்கள்.

கிரிக்கெட் பைத்தியம் புதிதாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மார்ச்சில் மோதும் 'வடக்கின் பெரும் போர்' 1904இல் தொடங்கியது. போரால் சில ஆண்டுகள் தடைப்பட்டும் அது அழியவில்லை. மத்திய கல்லூரிக்காகச் சுழல்பந்து வீசிய வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும் 2024இல் ஐபிஎல்லிலும் ஆடினார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் படைத்த தேசிய சாதனை. அதைத் தானே பலமுறை முறியடித்தார். ஓடப் பாதை வேண்டும், விழ மெத்தை வேண்டும், வளைந்து நிமிரும் கோல் வேண்டும். வசதியுள்ள இடத்திலேயே கடினமான விளையாட்டு அது. தெல்லிப்பழை அடங்கும் வலிகாமம் வடக்கில் பல காணிகள் இன்னும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காலத்தில், அந்த மண்ணின் பிள்ளை அப்படிப் பாய்ந்தாள். அதைப் பார்த்த பிறகும் 'விளையாட்டில் காலம் போக்குகிறார்கள்' என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

அரசியலை மறந்துவிட்டோமாம். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, போரின் முடிவில் இறந்தவர்களுக்காக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. வாசலில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் மாணவர்கள். சண்டை முடிந்த 2009இல் அவர்களுக்குப் பத்து வயதை ஒட்டித்தான் இருக்கும். சில நாட்களில் அடிக்கல் நாட்டப்பட்டது; ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது.

எங்களிடம் பிழையே இல்லை என்று நான் வாதாடவில்லை. 2016 ஜூலையில் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் சேர்ப்பது பற்றிய தகராறு தமிழ், சிங்கள மாணவர் கைகலப்பாக முடிந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு நடனத்துக்காக இரத்தம் சிந்தியது வெட்கம். சீரழிவு என்ற சொல் பொருந்தினால் அந்த நாளுக்குத்தான் பொருந்தும். ஆனால் சீரழிவுப் பட்டியலில் அந்த நாளை எவரும் சேர்ப்பதில்லை. மோட்டார் சைக்கிளையும் தலைமயிர் வெட்டையும் சேர்க்கிறார்கள்.

போதைப்பொருள் பரவியிருப்பதும் உண்மை. அதைப் பேசுகிறவர்கள், 2017இல் கச்சேரி வாசலில் நாட்கணக்காகக் குந்தியிருந்த வேலையில்லாப் பட்டதாரிகளையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அடுத்த மார்ச்சில் மத்திய கல்லூரி மைதானத்துக்கு வாருங்கள், ஐயா. 1981இல் எரிந்து மீண்டும் எழுந்த நூலகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். காலையில் அதற்குள் இருந்து படித்த பொடியன்தான் பின்னேரம் கொடியைப் பிடித்துக்கொண்டு பாண்ட் சத்தத்துக்கு ஆடுகிறான். அவன் இருட்டிய பிறகு வீடு திரும்பட்டும். விளக்கைப் போட்டு வையுங்கள்.