இயல்பு நிறம் ஒரு நிறமன்று

எழுத்துகள் மட்டுமே தோன்றும் கணிப்பொறித் திரையை உரை முனையம் என்கிறோம். நிரல் எழுதுவோரும் கணிப்பொறிகளைப் பராமரிப்போரும் இன்றும் நாள்தோறும் பல மணி நேரம் அதனை உற்று நோக்கியே பணியாற்றுகின்றனர். அத்திரையின் நிறங்களை முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கா, அவர்கள் பயன்படுத்தும் உரைத்தொகுப்பிக்கா? பயனாளருக்கே என்பது எமது கருத்து.

முனையத்துக்கு நிறத்தை உணர்த்தும் முறை எளியது. எக்மா-48 என்னும் தரநிலையின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 30 முதல் 37 வரையுள்ள எண்கள் கறுப்பு, சிவப்பு முதலிய எட்டு நிறங்களை எழுத்துக்கு அளிக்கின்றன. 40 முதல் 47 வரையுள்ளவை அவற்றையே பின்புலத்துக்கு அளிக்கின்றன. 39, 49 ஆகிய இரண்டும் வேறு வகையின. இவை எந்நிறத்தையும் பெயரிட்டுக் கூறாமல், முனையத்தின் இயல்பு நிறத்துக்குத் திரும்புமாறு மட்டுமே பணிக்கின்றன. ‘வழக்கம்போல்’ என்று நாம் சொல்வதை ஒத்தது இது. எது வழக்கம் என்பது அந்தந்த வீட்டாருக்கே தெரியும்.

இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. விம், ஈமாக்ஸ் போன்ற தொகுப்பிகள் நிரலின் உறுப்புகளை வெவ்வேறு நிறங்களில் காட்டுகின்றன. வெண் பின்புலத்தில் அடர்நிறமும் கரும் பின்புலத்தில் வெளிர்நிறமும் வேண்டும். பின்புலம் யாதெனத் தெரியாதபோது, இவை முனைய வகையின் பெயரைக் கொண்டே ஊகிக்கின்றன. எக்ஸ்டெர்ம் என்ற பெயரைக் கண்டால் வெளிர் பின்புலம் என்று கொள்கின்றன. ஆனால் பொருத்தப்பாட்டின் பொருட்டு அப்பெயரையே சூடிக்கொண்ட முனையங்கள் பல, கரும் பின்புலத்துடன் இயங்குகின்றன. ஊகம் தவறினால் கறுப்பின்மேல் கருநீலமோ, வெண்மையின்மேல் மஞ்சளோ தோன்றும். பார்வை குன்றியவருக்கு அது வெற்றுத் திரையேயன்றி வேறென்ன? வலைப் பக்கங்களுக்கென 2008இல் வெளியான அணுகல் நெறிகள், சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாட்டை வேண்டுகின்றன. முனையத்தில் படிப்பவரின் கண்ணும் அதே கண்தான்.

ஆகவே மூன்று நெறிகள் இன்றியமையாதன. முதலாவது, ஊகிப்பதற்கு முன் வினவுதல். எக்ஸ்டெர்மும் அதனைப் பின்பற்றும் பல முனையங்களும், பின்புல நிறம் யாதென்று கேட்டால் விடையளிக்கும் வசதியுடையவை. மேற்கூறிய இரு தொகுப்பிகளும் அவ்வாறு வினவ வல்லவை. இரண்டாவது, விடை கிடைக்காதபோது எழுத்து, பின்புலம் ஆகிய இரண்டின் நிறத்தையும் தானே குறித்தல், அல்லது இரண்டையும் தொடாது விடுத்தல். ஒன்றை மட்டும் மாற்றுவதே பெருங்கேடு. மூன்றாவது, பயனாளர் தம் விருப்பத்தை வெளிப்படையாக அறிவித்திருப்பின், அதன்மீது எந்த ஊகத்தையும் ஏற்றாதிருத்தல்.

அழகிய நிறத்தொகுதிகளை அமைப்போர் இதனைத் தடையாகக் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. எழுத்து, பின்புலம் இரண்டையும் சேர்த்தே வரையறுக்கும் தொகுதியைப் பயனாளர் விரும்பித் தேர்ந்தால், அதுவும் அவருடைய முடிவேயாகும். அவர் ஒன்றும் தேராதிருக்கும்போது, தம் கண்ணுக்கு இசைய அவர் முன்பே அமைத்துக்கொண்ட திரையை மாற்றாதிருப்பதே முறை. தொகுப்பிகளை ஆக்குவோர் 39, 49 என்னும் எண்களை இப்பொருளிலேயே கையாள வேண்டும்.