ரயில் போன பாதையில் சைக்கிள்!

தம்பி, தங்கைகளே! சிறுசேரியில் நீங்கள் சைக்கிளை எடுத்ததும் அம்மா என்ன சொல்வார்? "மெயின் ரோட்டுக்குப் போகாதே!" பஸ்ஸும் லாரியும் பறக்கும் சாலையாயிற்றே. பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட நமக்கு ஒரு வழி வேண்டாமா?

சிங்கப்பூரில் அப்படி ஒரு வழி இருக்கிறது. தஞ்சோங் பகாருக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஓடிய மலேசிய ரயில், 2011 ஜூன் 30-உடன் நின்றது. அங்கே நிலத்தின் விலை மிக அதிகம். கட்டடங்களாகக் கட்டியிருக்கலாம். ஆனால், 'பாதை பசுமையாகவே இருக்கட்டும்' என்று இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் கேட்டார்கள். அரசும் ஏற்றுக்கொண்டது. சுமார் 24 கி.மீ. நீளமுள்ள அந்த வழியில் இன்று மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். புக்கிட் தீமாவில் பழைய ரயில் நிலையமும் இரும்புப் பாலமும் பத்திரமாக இருக்கின்றன.

ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது. அதனால் அதன் பாதை பெரும்பாலும் சமமாகவே இருக்கும். குட்டிப் பாப்பாவும் தாத்தாவும்கூட சிரமமின்றி நடக்கலாம்.

நம் தாம்பரத்தில் 1931-இல் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004-இல் நின்றது. அகலப் பாதை ரயில் வந்தது. ரயிலுக்குத் தேவையென்றால் ரயிலுக்கே கொடுப்போம். ஆனால், கைவிடப்படும் பாதை எந்த ஊரில் இருந்தாலும், அது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்தான் முதலில் கிடைக்க வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள்: ரயில் ஓடும் தண்டவாளத்தில் ஒருபோதும் நடக்கக் கூடாது!

உங்கள் பக்கத்தில் ரயில் நின்றுபோன பாதை உண்டா? தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்களேன்!